பத்து நம்பர் ஸ்பேனர்

சாவியைத் திருப்பினால், பானெட்டுக்குள் பல்லி கத்துவது போல ஒரு சத்தம். டிக்… டிக்… டிக். அவ்வளவுதான். வண்டி எடுக்கவில்லை.

இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பின் சீட்டில் என் மூன்று வயது மகள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வந்தது. நாங்கள் இருப்பது உச்சிப்புளி. ஆஸ்பத்திரி ராமநாதபுரத்தில். ஆட்டோக்காரர் யாரும் போனை எடுக்கவில்லை.

பேட்டரி மாற்றிப் பத்து நாள்கூட ஆகவில்லை. பழையது இழுத்துக்கொண்டுதான் ஓடியது. "உப்புக் காத்துல டெர்மினலெல்லாம் பூத்துப் போச்சு தங்கச்சி. எப்ப வேணா நின்னுரும்" என்றார் மெக்கானிக் பாக்கர் பாய்.

என் கணவர் காளிதாஸுக்குப் பிடிக்கவில்லை.

"ஓடுற வண்டிக்கு எதுக்குடி புது பேட்டரி?"

"நின்ன பிறகு மாத்தலாம்னா, பாப்பா மூச்சு அதுவரைக்கும் காத்திருக்குமா?"

மாற்றிவிட்டேன்.

அன்று காலை வேலையாக மதுரைக்குப் போயிருந்தவரை போனில் பிடித்தேன்.

"பாப்பாவுக்கு இழுக்குதுங்க. வண்டி எடுக்கல. டிக் டிக்குனு சத்தம் மட்டும் வருது."

"நான் அப்பவே சொன்னேன்ல? அந்த ஆளு உன்னை நல்லா ஏமாத்திட்டான். பஸ்லதான் வந்துக்கிட்டிருக்கேன். அதுவரைக்கும் ஆவி புடிச்சு விடு."

அடுத்து பாக்கர் பாயைக் கூப்பிட்டேன். வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன்.

"பழசுக்கு லேபிள் ஒட்டிக் குடுத்தீங்களா பாய்? உங்களுக்கும் பிள்ளைங்க இருக்காங்கள்ல?"

"பிள்ளையப் பாத்துக்கங்க. இந்தா வாரேன்."

ஐந்தே நிமிடம். கட்டியிருந்த கைலியோடு பைக்கில் வந்து இறங்கினார். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தார். பேட்டரி முனையை இரண்டு விரலால் தொட்டார். ஆடியது.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு. ஒயரைப் புடிக்கிற கிளாம்ப் நட்டை லூஸ் பண்ணி வச்சிருக்காங்க."

"தானா கழண்டிருக்குமா?"

"பத்து நம்பர் ஸ்பேனர் போடாம இது அசையாது தங்கச்சி."

ஒரு முறுக்கு. வண்டி ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது. கான்வென்டில் படித்தபோது சிஸ்டர்கள் நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்ல வைத்த 'சாரி'யைச் சொல்ல வாயெடுத்தேன்.

"அதெல்லாம் பெறகு. நீங்க ஓட்டுங்க. நான் பின்னாலயே வாரேன்."

நெபுலைசர் வைத்த பிறகுதான் பாப்பாவுக்கு மூச்சு சீரானது. "ஏம்மா இவ்வளவு லேட்டு?" என்று டாக்டரம்மா சத்தம் போட்டார்.

வீடு திரும்பியதும் வாசல் கதவைக் காலால் தள்ளிச் சாத்திவிட்டு, அவளைக் கட்டிலில் கிடத்தினேன். போன் அடித்தது. அவர்தான்.

"என்னங்க, யாரோ நம்ம வண்டியில கை வச்சிருக்காங்க. பேட்டரி நட்டை லூஸ் பண்ணியிருக்காங்க. பயமா இருக்குங்க. எங்க வர்றீங்க?"

பஸ் இரைச்சலுக்கு மேல் அவர் குரல் கேட்டது.

"யாரும் இல்லடி. நான்தான் நேத்து லூஸ் பண்ணி வச்சேன். போன வாரம் ராத்திரி நீ தனியா வண்டி எடுத்துட்டுப் போனதைத் தெருவே பேசுது. எல்லாம் உன் பாதுகாப்புக்குத்தான். ஸ்டாப் வந்துருச்சு, இறங்கப் போறேன். இனிமே என்ன பயம்?"

எழுந்து போய், வாசல் கதவை உள்பக்கம் தாழ் போட்டேன்.