செவலையின் மின்னஞ்சல்

பால் பண்ணைக் கம்ப்யூட்டரில் முப்பது வருஷமாகக் கிடந்த பழைய கோப்பு ஒன்று, புது மென்பொருளின் வாசலில் போய்க் கைகட்டி நின்றது. உள்ளே விடாவிட்டால் அதற்குக் குப்பைத்தொட்டிதான் கதி.

"முதல் ஆள் பெயர்?" என்றது மென்பொருள்.

"செவலைங்க."

"மின்னஞ்சல்?"

"அது பசுமாடுங்க!"

"கட்டாயம் நிரப்ப வேண்டும்."

உயிருக்குப் பயந்த கோப்பு வாய்க்கு வந்த மின்னஞ்சலைச் சொன்னது. கணவர் பெயருக்கு மயிலைக்காளை என்றது. படிப்பு கேட்டபோது கூசாமல் பி.காம். என்றது. இப்படியே இருநூறு மாடுகளும் பட்டதாரிகளாகி உள்ளே போயின.

"எல்லாம் சரியா வந்துருச்சுங்களா?"

"பிரமாதம். ஒவ்வொருவர் பெயருக்கு நேரேயும் எத்தனை லிட்டர் பால் என்று ஏதோ போட்டிருந்தீர்கள். அதற்கு இங்கே கட்டம் இல்லை. அழித்துவிட்டேன்."