இந்த வருஷத்தின் முதல் படம்

மணி ஐந்து ஐம்பத்தெட்டு. கொல்லைக் கதவைச் சத்தமில்லாமல் திறந்துகொண்டு போய் அவர் மருதாணிச் செடியின் பின்னால் நின்றார். கையில் கைப்பேசி.

அறுபத்திரண்டு வயதில் இப்படி ஒரு பிழைப்பு!

வருஷா வருஷம் ஐப்பசியில் இமயமலைப் பக்கமிருந்து ஆறுமணிக்குருவி இந்தக் கொல்லைக்கு வந்துவிடும். சாயங்காலம் ஆறு மணிக்குச் சொல்லிவைத்தாற்போலக் குரல் கொடுக்கும். அதைக் கேட்டுத்தான் மரகதம் விளக்கேற்றுவாள். கட்டின புருஷன் சொல்லும் மணியெல்லாம் அவளுக்கு அப்புறம்தான்.

இந்த வருஷமும் வந்தது. நேற்று விடியற்காலை. பறந்து வந்த களைப்பில் மருதாணிக்குள் ஒடுங்கிக் கிடந்தது.

சும்மா விட்டிருக்கலாம்.

வாட்ஸப்பில் பறவை ஆர்வலர் குழுவில் இந்த வருஷத்தின் முதல் படம் தன்னுடையதாக இருக்க வேண்டுமே! கைப்பேசியில் அதன் குரலை ஓடவிட்டார். வேறொரு குருவி இடத்தைப் பிடித்துவிட்டதோ என்று பதறி, பாவம், அது தத்தித் தத்தி வெட்டவெளிக்கு வந்தது. பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு. அருமையான படம் விழுந்தது.

இரண்டாவது படத்துக்குப் பூனை விடவில்லை.

குழுவில் நாற்பத்தேழு பேர் கைதட்டியிருந்தார்கள். 'கொடுத்துவைத்தவர் சார் நீங்கள்' என்று ஒருவர். இறகுகளைக் கூட்டித் தென்னை மட்டைக்கடியில் தள்ளிவிட்டு வந்து, 'நன்றி' என்று பதில் போட்டார்.

நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

பத்து நாளாக மரகதம் திரியும் கையுமாக ஆறேகால் வரை காத்திருக்கிறாள். வழியில் அதற்கு என்ன ஆயிற்றோ என்று நேற்று கண் கலங்கினாள்.

ஆறு.

பொத்தானை அழுத்தினார். இரட்டைச் சீழ்க்கை கொல்லை முழுக்கக் கேட்டது.

"வந்துருச்சுங்க!"

உள்ளே தீக்குச்சி உரசும் சத்தம். தப்பித்தோம் என்று கைப்பேசியை அணைத்தார்.

சீழ்க்கை மறுபடி கேட்டது.

வேலியோரம், வாழைச் சருகுக்குள்ளிருந்து. நிஜமான குரல். இவரை நோக்கி வந்துகொண்டிருந்தது.

கிணற்றுச் சுவரில் படுத்திருந்த பூனை தலையைத் தூக்கியது.

"போ! போயிரு!" தொண்டை கிழியக் கத்திக்கொண்டு கைகளைத் தட்டினார். இறக்கைச் சத்தம் வேலியைத் தாண்டிப் போனது.

மரகதம் விளக்கோடு கொல்லை வாசற்படியில் நின்றிருந்தாள்.

"அய்யய்யோ, அதையா விரட்டுனீங்க?"

அவர் கைப்பேசியில் நேற்றைய படத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

குருவிக்குப் பின்னால், சருகோடு சருகாகப் பூனை பதுங்கியிருந்தது. நாற்பத்தேழு பேர் கண்ணில் படவில்லை.

மரகதம் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.