அறுபதைத் தாண்டினால் ஆடும்

"வண்டியில ஒரு ஆட்டமும் இல்ல. ஆட்டமெல்லாம் ஓட்டற கையில!"

பட்டறை வாசலில் ஜீப்பை விட்டு இறங்கும்போதே கணவர் தீர்ப்பு எழுதிவிட்டார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. புருவம்வரை இறக்கிய தொப்பியைத் தூக்கவும் இல்லை.

மனைவி பின்னாலேயே இறங்கினாள். நெடுஞ்சாலை ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. வருகிறேனா இல்லையா என்று இன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. இந்த ஜீப்பை விட்டால் வேறு வழியில்லை. வண்டியில் குறை என்று மெக்கானிக் சொன்னால், சரிசெய்து சாவி அவளுக்கு. கையில்தான் குறை என்றால் வேலைக்கு ஒரு கும்பிடு. இது வீட்டில் நடந்த உடன்படிக்கை.

"இந்த ஆளுக்கு என்ன தெரியும்? வேற பட்டறைக்குப் போலாம் வா" என்று கணவர் மறுபடி இழுத்தார்.

"சம்பந்தம் பேசவா வந்திருக்கோம்? ஸ்டியரிங் பாக்கத்தானே!"

மெக்கானிக் கையைத் துடைத்தபடி வந்தான். வண்டியைப் பார்த்தான். தொப்பியைப் பார்த்தான்.

"சார் யாரு?"

"என் வீட்டுக்காரர். ஞாயித்துக்கிழமை தவறாம ஜீப்புல மலையேறப் போவார். அதுக்குத்தான் போன வருஷம் எங்கேயோ குடுத்து வண்டியை இவ்ளோ உசரம் தூக்கிக் கட்டினார். நான் ஏறி உக்கார ஏணி ஒண்ணுதான் பாக்கி."

"ஓஹோ... மலையேறறவரா!" மெக்கானிக் பயபக்தியோடு கும்பிட்டான். கணவர் மூலையில் கிடந்த பழைய டயர்களைத் தீவிரமாக ஆராயத் தொடங்கினார்.

"எப்ப ஆடுதுக்கா?"

"அறுபதைத் தாண்டி ஒரு சின்னப் பள்ளத்துல விழுந்தா போதும், சாமி வந்த மாதிரி ஆடும். மெதுவா பிரேக்கை மிதிச்சு நாப்பதுக்குக் கொண்டுவந்தாத்தான் அடங்கும்."

"சாருக்கு ஆடலையா?"

"ஆடாது" என்றார் கணவர், டயர்களிடம். "கையில உறுதி வேணும்ப்பா. நான் பாக்காத கொண்டை ஊசி வளைவா?"

"சார் கையில ஆடியிருக்காதுக்கா. எந்தக் கோர்ட்டுல வேணாலும் வந்து சத்தியம் பண்றேன்."

கணவருக்கு ஏனோ இருமல் வந்தது. அவள் மெக்கானிக்கை முறைத்தாள். இவனும் அந்தக் கட்சிதானா? வேலை போன மாதிரிதான்.

மெக்கானிக் அவளையே ஓட்டும் இடத்தில் ஏற்றினான். எஞ்சினை ஓடவிடச் சொல்லி, வண்டிக்கு அடியில் சரிந்தான்.

"ஸ்டியரிங்கை இடமும் வலமுமா லேசா ஆட்டிக்கிட்டே இருங்க. போதும்னு சொல்றவரைக்கும் நிறுத்தாதீங்க."

அவள் ஆட்ட, அவன் ஒவ்வொரு இணைப்பாகக் கைவைத்துப் பார்த்துக்கொண்டே போனான்.

"டயருக்கெல்லாம் போன வாரம்தான் பேலன்சிங் பண்ணேன். சும்மா நேரத்தை ஓட்டாதே" என்று அதட்டினார் கணவர்.

"நல்ல காரியம் சார். காய்ச்சல்காரனுக்குத் தலை வாரி விட்டிருக்கீங்க."

அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். மறுபடி 'டொக்'.

"போதும்க்கா! ஆள் சிக்கிட்டான். இறங்கி வந்து பாருங்க."

அவள் குனிந்து பார்த்தாள். முன் அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்ளும் குறுக்குக் கம்பி. அதன் முனையில் ரப்பர் வளையமான புஷ் கிழிந்து தொங்கியது. வட்டமாக இருக்கவேண்டிய போல்ட் துளை முட்டைபோல் நீண்டிருந்தது.

"தூக்கிக் கட்டின மகராசன், வண்டி ஜாக்கியில தொங்கும்போதே போல்ட்டை முறுக்கிட்டான். தரையில இறக்கி, பாரம் ஏறின பிறகுதான் முறுக்கணும். இல்லேன்னா புஷ் கிழியும், அச்சு தன்னிஷ்டத்துக்கு அங்கேயும் இங்கேயும் ஓடும். உங்க கையில குத்தமே இல்லக்கா. அந்த ஆட்டத்துலயும் பதறாம நாப்பதுக்குக் கொண்டுவந்தீங்க பாருங்க, அது கை! மத்தியானத்துக்குள்ள சரிபண்ணித் தர்றேன்."

அவள் நிமிர்ந்தாள். எஞ்சினை அணைத்த கையோடு கணவர் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டிருந்தார்.

"சாவி" என்று கையை நீட்டினாள்.

"இரு, இரு. வண்டியில குறைன்னே வெச்சுக்குவோம். உனக்கு ஞாயித்துக்கிழமையும் டியூட்டி. அன்னைக்கு வண்டி எனக்கு வேணும். மலையை விட்டுட்டு நான் வீட்டுல உக்காந்து மோட்டுவளையைப் பாக்கவா?"

"பேசினது என்ன ஆச்சு?"

"பேசினது கையைப் பத்தி. கிழமையைப் பத்தி இல்லியே! போன் போட்டு வரலைன்னு சொல்லிடு."

அவள் செல்போனை எடுத்தாள். ஆஸ்பத்திரி எண்ணைத் தேடினாள். வண்டிக்குக் கம்பியை மாற்றலாம்; இந்த மனுஷனுக்கு எதை மாற்றுவது?

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, கணவரின் தோளில் உரிமையோடு கைபோட்டான்.

"இதுக்குப் போய் எதுக்கு சார் சண்டை? வண்டியை அக்காகிட்ட குடுத்துட்டு நீங்க ஞாயித்துக்கிழமை வழக்கம்போல இங்க வந்துடுங்க. பின்பக்க ஷெட்டுல உங்க கட்டில் அப்படியேதான் கிடக்கு. தூங்கி எந்திரிச்சதும் டயர்ல பூசிக்கிட்டுப் போற சேத்தை, இனிமே உங்க சட்டையில பூசி அனுப்பிடறோம்!"