ஐந்தாம் மாடி வரை

‘லிஃப்ட் பழுது. சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று தொங்கிய அட்டையை மூன்றாம் தடவையாகப் படித்தார் புள்ளி சார். அச்சகத்தில் பிழை திருத்துபவர்; ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுவதால் வந்த பெயர். அட்டையில் திருத்த ஒன்றும் இல்லை. வீடோ ஐந்தாம் மாடியில்.

போன வாரம்தான் டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். இருபத்தைந்து வருடம் நாற்காலியை விட்டு எழாத உடம்பு. தினமும் கொஞ்ச நேரமாவது மூச்சு வாங்க வேலை கொடுக்காவிட்டால் இதயம் அதிக நாள் ஒத்துழைக்காது என்று.

அன்றைக்கே ஓடுவதற்கு ஷூ வாங்கினார். அது இன்னும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. உடற்பயிற்சி சைக்கிளில் துண்டு காய்ந்தது. நாளையிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று அவர் சொல்லும்போதெல்லாம் மனைவி எழுந்து போய்விடுவாள். ராத்திரியில் அவர் மூச்சு சீராக வருகிறதா என்று விழித்திருந்து பார்ப்பவளும் அவள்தான்.

வேறு வழியில்லாமல் ஏறினார். மாடிக்கு ஒருதரம் உட்கார்ந்தார். மூன்றாம் மாடியில் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று.

ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தால், கீழே அவருக்குப் பின்னால் வந்த எதிர்வீட்டு ஆசிரியை முன்னாலேயே வந்து கதவைத் திறந்துகொண்டிருந்தார். எழுபது வயது, இரண்டு கையிலும் காய்கறிப் பை. மூச்சு வாங்கவே இல்லை. தான் கண்ணை மூடியிருந்தபோது தாண்டிப் போயிருப்பார் என்று நினைத்ததும் புள்ளி சாருக்கு மானம் போயிற்று.

“ஏற ஏறப் பழகிடும் சார்” என்றார் ஆசிரியை, பூட்டைப் பார்த்துக்கொண்டே.

மறுநாளும் அதே அட்டை. மறுவாரமும். ஏதோ உதிரிபாகம் வெளியூரிலிருந்து வரவேண்டுமாம் என்றாள் மனைவி. அவர் காரசாரமாக ஒரு புகார்க் கடிதம் எழுதினார். குடியிருப்போர் சங்கத்தில் தானே கொடுத்துவிடுவதாகச் சொல்லி அவள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

வைதுகொண்டேதான் ஏறினார். ஆனால் நாலு இடத்தில் உட்கார்ந்தவர் இரண்டாகக் குறைத்தார், பிறகு ஒன்றாக. ஒருநாள் அச்சகத்து ஞாபகத்திலேயே ஏறி, எங்கும் உட்காராமல் வீட்டு வாசலில் நின்றபோது அவராலேயே நம்ப முடியவில்லை. பேண்ட் இடுப்பில் நிற்க மறுத்தது.

மூன்றாம் மாதம், வீட்டில் சொல்லாமல் மதியமே டாக்டரைப் போய்ப் பார்த்தார். டாக்டர் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இதயம் பத்து வயது குறைந்ததுபோல் வேலை செய்கிறது, என்ன பயிற்சி என்று கேட்டார்.

“படி” என்றார் புள்ளி சார், கொஞ்சம் கர்வமாக.

மனைவியிடம் உடனே சொல்ல வேண்டும்போல் இருந்தது. அச்சகத்துக்குத் திரும்பாமல் மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்தார்.

லிஃப்ட் வாசலில் அட்டையைக் காணோம். கதவு திறந்தது, வெளியே வந்த ஆசிரியை, இவரைக் கண்டதும் மறுபடி உள்ளே போய் மூடிக்கொண்டார். ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார்கள் என்று நினைத்தார். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் என்னவோ ஏமாற்றமாக இருந்தது.

அப்போது காவலாளி தன் அறையிலிருந்து அட்டையும் கையுமாக ஓடிவந்து, எதிரே இவரைப் பார்த்து அப்படியே நின்றான்.

“நீங்க இன்னிக்குச் சீக்கிரம் வருவீங்கன்னு உங்க வீட்டம்மா சொல்லவே இல்லையே, சார்.”