நூல் விட்டவள்

முதல் அடியிலேயே யசோதராவின் உதடு கிழிந்துவிட்டது.

"பூட்டிட்டுப் போன வூட்லருந்து மார்க்கெட்டுக்கு எப்டிடி போன? இன்னொரு சாவி எங்க கீது?" என்றான் ரகுபதி.

கட்டிய மனைவியை உள்ளே வைத்து வெளியே பூட்டு போட்டுவிட்டு, துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டப் போகிற மகாராசன் அவன். வியாழக்கிழமை அவளைத் தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் பார்த்ததாக எவனோ வத்தி வைத்துவிட்டான்.

சாவி அவன் கையில் கிடைத்தால் இந்த மூன்றாவது மாடியிலேயே அவள் கதை முடிந்துவிடும்.

அவன் வீட்டைப் புரட்ட ஆரம்பித்தான்.

வீடு என்றால் ஒரே அறை. அலமாரி கிடையாது. உல்லன் நூலுக்கும் குரோஷா ஊசிகளுக்கும் அவள் கண்ட இடத்திலெல்லாம் குடித்தனம் வைத்துக் கொடுத்திருந்தாள்.

கைப்பிடி உடைந்த குக்கரில் சிவப்பு. அரிசி டிரம்முக்குள் ஒரு தட்டு போட்டு அதன்மேல் மஞ்சள். சுவரில் அடித்திருந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளில் பச்சை வகையெல்லாம். ஊதுபத்தி டப்பாவில் ஊசிகள். பழைய அலுமினிய கெட்டிலுக்குள் நீல உண்டை. அதன் நூல் கெட்டிலின் மூக்கு வழியாக வெளியே வந்து, பாதி பின்னிய தொப்பியில் முடிந்தது. தொப்பியை அவள் இன்னும் கையில் பிடித்திருந்தாள்.

குக்கர் சுவரில் மோதி நசுங்கியது. டிரம் கவிழ்ந்து அரிசி கட்டிலுக்கடியில் ஓடியது. குழாய்களைப் பிடுங்கியவன் அதில் ஒன்றாலேயே அவள் தோளில் போட்டான். ஊசிகளைப் பொறுக்கப் போன விரல்களைக் குதிகாலால் மிதித்தான். எலும்பு நெரிந்தது அவள் காதிலேயே விழுந்தது.

ஒரு மனிதனை இவ்வளவு வெறுக்க முடியும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

கெட்டிலைக் கவிழ்த்தான். நீல உண்டை உருண்டு வந்தது.

அதைக் கண்டதும் அவள் அழுகை சட்டென்று நின்றது. அவனுக்கு அது போதும்.

"எவனுக்குடி நூல் வுட்டுகினு கீற?"

உண்டையை எடுத்து ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே திணித்து வெளியே தள்ளினான்.

அவன் செல்போன் விடாமல் அடித்தது. மணலி ரோட்டில் லோடு காத்துக்கிடந்தது. மிச்சத்தை வந்து வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, வெளியே பூட்டை மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனான்.

பைக் சத்தம் தெருமுனை தாண்டும்வரை அவள் அசையவில்லை. பிறகு சுவரைப் பிடித்து எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

தொப்பியிலிருந்து கிளம்பிய நூல் கம்பி இடுக்கு வழியாக மூன்று மாடியும் இறங்கியிருந்தது. கீழே குழாயடியில், தரைத்தள வீட்டுப் பெர்சிஸ் உண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். ரத்தத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உண்டையைப் பிரிக்கத் தொடங்கினாள்.

கடைசிச் சுற்றுக்குள் சாவி இருந்தது.

நூல் விட்டதென்னவோ உண்மைதான். நான்கு மாதமாக அவன் தலை மறைந்ததும், சாவியை நீல நூலில் கட்டி இதே ஜன்னல் வழியாகப் பெர்சிஸுக்குத்தான் விட்டுக்கொண்டிருந்தாள். பெர்சிஸ் மேலே வந்து திறந்துவிடுவாள். அவன் வருவதற்குள் உள்ளே வைத்துப் பூட்டி, ஜன்னலிலிருந்து விடும் நூலில் சாவியைக் கட்டி அனுப்பிவிடுவாள். யசோதரா மறுபடி அதன்மேல் நூலைச் சுற்றி உண்டையாக்கிவிடுவாள்.

இன்றைக்குச் சாவியை அவனே கீழே அனுப்பிவிட்டுப் போயிருந்தான்.

மாடிப்படியில் பெர்சிஸின் காலடி கேட்டது. யசோதரா தொப்பியிலிருந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.