ஓரத்து மடிப்பு

பெண்கள் மேல்நிலைப் பள்ளியிலிருந்து சீருடைப் பெட்டி வந்தது. ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை ஆண்டுக்கு எவ்வளவு வளருவாள் என்று பள்ளியே கணித்து, படித்து முடிக்கும்வரை வேண்டியதை ஒரேயடியாகத் தைத்து அனுப்பிவிடும். அளவு பிசகாது என்பதால் ஓரத்தில் மடிப்புத் துணிகூட விடுவதில்லை.

முத்தரசி மகள் இதழினியை நிற்கவைத்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. அதற்கு மேல் பெட்டியில் ஒன்றும் இல்லை.

பள்ளிக்குப் போன் செய்தாள்.

"விடுபடலம்மா. உங்க பொண்ணு ஒன்பதாவதோட நின்னுடும்னு கணிப்பு," என்றார் எழுத்தர்.

"இன்னும் ஒரு நாள்கூட வகுப்புக்கு வரலையே சார். எதை வெச்சுச் சொல்றீங்க?"

"விண்ணப்பத்துல 'தாயார் படிப்பு'ங்கிற இடத்துல ஒன்பதாவதுன்னு நீங்கதானேம்மா எழுதியிருக்கீங்க."

முத்தரசி போனை வைத்தாள். அன்றைக்கே கடைக்குப் போய் அதே நீலத்தில் மூன்று வருஷத்துக்குத் துணி எடுத்துவந்து, தையல் மிஷினைத் துடைத்தாள்.

"பத்தாவதுல நான் எவ்ளோ உயரம் இருப்பேன்னு உனக்குத் தெரியாதேம்மா," என்றாள் இதழினி.

"தெரியாதுதான். உள்ள நிறையத் துணி விட்டுத் தைக்கிறேன். நீ வளர வளரப் பிரிச்சுவிட்டுக்கலாம்."