நாற்பத்தொரு முறை எழுந்தவள்

எந்தப் பக்கத்தைக் காட்டினாலும் அதை எழுதியவரைப் பற்றிச் சொல்லிவிடும் கருவி அது. அதைத் தூக்கிக்கொண்டு கோவில் கோவிலாகப் போவதுதான் என் வேலை. மனிதர் எழுதிய ஏடு என்றால் அருங்காட்சியகத்துக்குப் போகும். இல்லையென்றால் கோவிலிலேயே இருக்கும்.

செங்குளத்தம்மன் கோவில் ஏட்டை அம்மனே தன் கையால் எழுதினாள் என்பது ஊர் நம்பிக்கை. பூசாரி சடையாண்டி அதைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கருவி சொன்ன முடிவை உரக்க வாசித்தேன்.

"எழுதியவர் பெண். நாற்பத்தொரு முறை பாதியில் எழுந்து போயிருக்கிறார். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்திருக்கிறார்."

சடையாண்டியின் முகம் தொங்கிப்போனது. "அப்ப மனுஷிதானா மேடம்? சாமின்னா ஒரே மூச்சுல எழுதியிருக்குமே."

அவர் மனைவி இருளாயி பூக்கட்டுவதை நிறுத்தாமலே சிரித்தாள்.

"ஏங்க, வர்றவன் போறவன் எல்லாம் மணியடிச்சுத்தான அவளைக் கூப்புடுறான்? ட்ரோனைக் காணோம்னு ஒருத்தன், மாப்பிள்ளை அமையலைன்னு ஒருத்தி. ஒரே மூச்சுல எழுதியிருந்தாத்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்."

இந்த மாதிரி வாதமெல்லாம் எனக்குப் பிடிக்காது. படிவத்தில் 'மனிதர்' என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். வெளியே யாரோ மணியடித்தார்கள். இருளாயி என்னைப் பார்த்தாள். முதல் எழுத்தைப் போட்டேன். மறுபடியும் மணி.

அதை அடித்துவிட்டு, 'உறுதி செய்ய இயலவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வாசலுக்கு வந்தபோதுதான் மகளுக்கு இன்று தேர்வு முடிவு வரும் என்பது நினைவுக்கு வந்தது. கை தானாக மணிக்குப் போனது.

"நாப்பத்திரெண்டு" என்றாள் இருளாயி உள்ளிருந்து.